மூன்று கொட்டேஷன் இருந்தால் போட்டி நடந்ததாக ஆகுமா?

கேள்வி: நான் கொங்குப் பகுதியில் ஒரு பேரூராட்சியின் வார்டு உறுப்பினர். முதல் முறை ஜெயித்து வந்தவள். சென்ற கூட்டத்துக்கு வந்த மன்றப் பொருளில் (மன்றம் விவாதித்து முடிவெடுக்க வைக்கும் விஷயம்), 45 வாட் எல்இடி தெருவிளக்கு 40 வாங்க மூன்று விலைப்புள்ளி பெறப்பட்டதாகவும், குறைந்த விலை கொடுத்த நிறுவனத்துக்கு ஆணை தரலாம் என்றும் இருந்தது. அதே கூட்டத்தில் அதே 40 விளக்கு, அதே விலையில், வேறு வார்டுகளின் பெயரில் இன்னும் இரண்டு முறை வந்தது. விளக்கு ஒன்று 4,500 ரூபாய். எங்கள் ஊர்க் கடையில் 2,800-க்குக் கிடைக்கிறது. கேட்டால், "மூணு கொட்டேஷன் இருக்கு, எல்லாம் ரூல்ஸ்படிதான்" என்கிறார்கள். ரொம்பப் பேசினால் உங்கள் வார்டுக்கு வேலை வராது என்று ஒருவர் நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போனார். என் தம்பி எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். அவனையும் விலைப்புள்ளி கொடுக்கச் சொன்னால் விலை தானாகக் குறையும் அல்லவா? ஒப்பீட்டுப் பட்டியலின் நகலை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்: வணக்கம் அம்மா. கோப்பில் மூன்று கொட்டேஷன் இருப்பதால் மட்டும் போட்டி நடந்ததாக ஆகாது. அந்த மூன்று பேருக்கும் யார் சொல்லி அனுப்பியது, வாங்கப்போகும் பொருளின் விவரக்குறிப்பை எழுதியது யார், எத்தனை வேண்டும் என்று முடிவு செய்தது யார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உள்ளாட்சி நிதித் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், உறையைப் பிரிக்கும் நாளில் பெரும்பாலும் எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

நீங்கள் அனுப்பிய பட்டியலையே எடுத்துக்கொள்வோம். விளக்குக்கு மூன்று நிறுவனங்களும் போட்டிருக்கும் விலை 4,500, 4,590, 4,680. கிளாம்புக்கு 350, 357, 364. ஒயர் சுருளுக்கு 1,900, 1,938, 1,976. கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள். இரண்டாவது நிறுவனம் எல்லா வரியிலும் முதலாவதைவிடச் சரியாக 2 சதவீதம் கூடுதல். மூன்றாவது எல்லா வரியிலும் சரியாக 4 சதவீதம் கூடுதல். மூன்று கடைக்காரர்கள் தனித்தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டால் இப்படி வரவே வராது. ஒருவருக்கு ஒயர் மலிவாகக் கிடைத்திருக்கும். இன்னொருவரிடம் விளக்கு தேங்கிக் கிடக்கும். கிளாம்பை ஒருவர் பக்கத்து லேத்தில் அடித்து வாங்குவார். அதனால் ஒரு பொருளில் முதலாமவர் குறைவு, வேறொன்றில் மூன்றாமவர் குறைவு என்று ஏறியும் இறங்கியும்தான் இருக்கும். ஒரே எக்செல் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து 1.02, 1.04 என்று பெருக்கினால் கிடைக்கும் ஒழுங்கு இது. பாவம், கொஞ்சம் மாற்றிப் போடக்கூட அவருக்கு நேரமில்லை.

அடுத்ததாக, மூன்று விலைப்புள்ளிகளின் மூலத்தையும் பார்க்கக் கேளுங்கள். லெட்டர்பேடில் ஜிஎஸ்டி எண் இருக்கும், மொத்தம் 15 இடம். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அந்த வியாபாரியின் பான் எண். இரண்டு லெட்டர்பேடில் இந்தப் பத்து எழுத்தும் ஒன்றாக இருந்தால், பெயர்ப்பலகை இரண்டாக இருந்தாலும் ஆள் ஒருவர்தான். ஜிஎஸ்டி இணையதளத்தில் லாகின் இல்லாமலே அந்த எண்ணைப் போட்டுத் தேடலாம். சட்டப்படியான பெயர், வணிகப் பெயர், பதிவு செய்த தேதி, பதிவு இப்போது உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் வரும். பதிவு ரத்தான நிறுவனம் கொட்டேஷன் கொடுத்திருந்தால் அதுவே ஒரு தணிக்கைத் தடைக்கு, அதாவது தணிக்கையாளர் ஆட்சேபனை எழுதுவதற்கு, போதும். அப்புறம் எழுத்துப் பிழைகளைக் கவனியுங்கள். கிளாம்பு என்பதற்கு மூன்று பேரும் ஒரே தவறான ஸ்பெல்லிங் போட்டிருந்தால், அது மூன்று கடையில் அடித்த காகிதம் இல்லை.

ஆனால் இதையெல்லாம் வைத்துக்கொண்டு கூட்டத்தில் ஊழல் என்று ஆரம்பிக்க வேண்டாம். இவை சந்தேகத்துக்குக் காரணங்கள். குற்றத்தை நிரூபிக்க இவை மட்டும் போதாது. கேள்வி கேட்கப் போதும்.

பிரித்து வாங்கிய விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பட்டியல்படி 40 விளக்கு 1,80,000. 40 கிளாம்பு 14,000. மூன்று சுருள் ஒயர் 5,700. ஆக 1,99,700 ரூபாய். 2 லட்சத்துக்கு 300 ரூபாய் குறைவு! மூன்று மன்றப் பொருளையும் கூட்டினால் 5,99,100. ஒரே கூட்டத்தில், ஒரே பொருளை, ஒரே விலையில் வாங்குவதாக இருந்தால் ஒரே கொள்முதலாகத்தான் வந்திருக்க வேண்டும். ஏதோ ஒரு வரம்புக்குக் கீழே நிற்பதற்காகத்தான் இப்படி வெட்டுவார்கள். விலைப்புள்ளி போதும், டெண்டர் வேண்டாம் என்று சொல்லும் வரம்பு அவ்வப்போது அரசாணைகளால் மாறும். அதனால் என்னிடம் கேட்பதைவிட, இந்தக் கொள்முதலுக்கு எந்த அரசாணையின் கீழ் டெண்டர் தேவைப்படவில்லை என்று அதன் எண்ணையும் நாளையும் செயல் அலுவலரிடமே எழுத்தில் கேளுங்கள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி (அதாவது டெண்டர்) வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது. உள்ளாட்சிகளுக்கும் பொருந்தும். டெண்டர் விட்டுத்தான் வாங்க வேண்டும் என்பது அதன் பொது விதி. விலக்கு வேண்டும் என்பவர்தான் எந்தப் பிரிவில் விலக்கு என்று காட்ட வேண்டும்.

விலக்குகள் 16-ஆம் பிரிவில் இருக்கின்றன. இயற்கைப் பேரிடர், அரசு அறிவித்த அவசர நிலை, ஒரே ஒருவரிடம் மட்டுமே கிடைக்கும் பொருள் என்று சில. இங்கேதான் நம் ஊர் மன்றப் பொருள்களின் மந்திரச் சொல் வந்து நிற்கும்: "அவசர அவசியம் கருதி". வெள்ளம் ஊருக்குள் வந்த மறுநாள் மணல் மூட்டை வாங்கினால் நான் கேள்வி கேட்க மாட்டேன். ஆனால் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும், கூடவே டெங்குவும் வரும் என்பது ஊருக்கே தெரியும். ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் கடைசியில் அவசர அவசியம் கருதி ப்ளீச்சிங் பவுடர் வாங்கும் அலுவலகம், ஜூலையில் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்ட அலுவலகம்.

ப்ளீச்சிங் பவுடரில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதை மொத்தமாக வாங்கிக் கிடங்கில் போட்டுவிட முடியாது. சுமார் 33 சதவீதம் என்று சொல்லி வாங்கும் குளோரின், ஈரத்திலும் வெயிலிலும் பறந்து கொண்டே இருக்கும். ஆறு மாதம் கழித்துத் தெருவில் தூவினால் சுண்ணாம்பு தூவுவதும் அதுவும் ஒன்றுதான். "கெட்டுப்போகும், அதனால்தான் பிரித்து வாங்குகிறோம்" என்று யாராவது சொன்னால் பாதி நியாயம் அவர்கள் பக்கம் இருக்கிறது. சப்ளையைப் பிரிக்கலாம், டெண்டரைப் பிரிக்கக் கூடாது. ஆண்டுக்கு இத்தனை டன் என்று ஒரே டெண்டர், மாதாமாதம் இத்தனை மூட்டை இறக்க வேண்டும் என்று நிபந்தனை, இறக்கும்போது சாம்பிள் எடுத்துக் குளோரின் சோதனை. முடிந்தது.

இப்போது விலை. 2,800-க்கும் 4,500-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் கூட்டத்தில் அதைச் சொல்வதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஊர்க் கடைக்காரர் சொன்ன 2,800 விளக்கும் கோப்பில் உள்ள விளக்கும் ஒரே தரமா? வாட் மட்டும் பார்த்தால் போதாது. ஒரு வாட்டுக்கு எத்தனை லூமென் வெளிச்சம், மழைநீர் புகாத ஐபி 65 தரம் இருக்கிறதா, மின்னழுத்தம் எகிறினால் தாங்குமா, வாரண்டி 2 ஆண்டா 5 ஆண்டா, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா, கம்பத்தில் ஏற்றி மாட்டும் கூலி சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். மலிவு விளக்கு ஒரே மழைக்காலத்தில் கண்ணை மூடிவிட்டால் நீங்கள் பேசியதெல்லாம் உங்களுக்கே எதிராகத் திரும்பும். மத்திய அரசின் ஜெம் இணையச் சந்தையில் இதே விவரக்குறிப்பு உள்ள விளக்கின் விலையைப் பார்த்து, பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் விலையெல்லாம் மலிவு என்று சொல்ல மாட்டேன், சிலது கடைவிலையைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் ஒப்பிட்டுப் பேச அது ஒரு பொது அளவுகோல்.

விவரக்குறிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் திறமைசாலிகள் கைவைக்கும் இடம் அதுதான். கொட்டேஷனில் கோல்மால் செய்பவர்கள் சின்ன ஆட்கள். பெரிய கை விவரக்குறிப்பிலேயே வேலையை முடித்துவிடும். இன்ன வெளிச்சம், இன்ன பாதுகாப்பு, இன்ன வாரண்டி என்று எழுதினால் பத்துக் கம்பெனி வரலாம். விளக்கின் உடல் நீளம் 312 மில்லிமீட்டர், எடை 1.8 கிலோ, சாம்பல் நிறம் என்று எழுதினால் அது ஏதோ ஒரு கம்பெனியின் கேட்டலாக்கிலிருந்து பார்த்து எழுதியது. தெருவில் போகிறவருக்கு நீளம் 312-ஆ 330-ஆ என்பதில் என்ன வந்தது? தகுதி நிபந்தனையிலும் இதே வித்தை உண்டு. "இதே மாவட்டத்தில் பேரூராட்சிகளுக்கு மூன்று ஆண்டு சப்ளை செய்திருக்க வேண்டும்" என்று போட்டுவிட்டால் புதிதாக யாரும் உள்ளே வர முடியாது. ஒப்பந்த வேலைகளில் இன்னொன்று உண்டு, இடத்தைப் பார்வையிட்டதாகப் பொறியாளரிடம் சான்று வாங்கி இணைக்க வேண்டும் என்பது. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் சான்று வாங்க வருகிறவர்களின் பட்டியல் அன்றைக்கே வேண்டியவர் கைக்குப் போய்விடும், மாலையில் ஒவ்வொருவருக்கும் போன் போகும்.

தகுதி நிபந்தனைக்கு ஓர் அளவு வேண்டுமென்றால் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002-இல் சொன்ன வழிகாட்டுதலைப் பாருங்கள். கடந்த மூன்று ஆண்டுச் சராசரி விற்றுமுதல், மதிப்பீட்டில் 30 சதவீதம் இருந்தால் போதும். முன் அனுபவமாக, மதிப்பீட்டில் 40 சதவீத அளவில் மூன்று வேலை, அல்லது 50 சதவீத அளவில் இரண்டு, அல்லது 80 சதவீத அளவில் ஒன்று. மத்திய நிறுவனங்களுக்காகச் சொன்னதுதான். ஆனாலும் ஆறு லட்ச ரூபாய் விளக்குக்கு ஒரு கோடி விற்றுமுதல் கேட்கும் நிபந்தனையை எதிர்த்துப் பேச இதைவிட நல்ல துணை கிடையாது.

முன்பெல்லாம் டெண்டர் பெட்டிக்கு முன்னால் நாலு தடியர்கள் நின்று, வேண்டாதவர்களை உறை போட விடாமல் செய்வார்கள். ஆன்லைன் டெண்டர் வந்த பிறகு அந்தக் காட்சி போய்விட்டது. ஆனால் டெண்டர் போடுகிறவர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொள்ளும் 'ரிங்' போகவில்லை. இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டது. புனே மாநகராட்சியின் திடக்கழிவுப் பதப்படுத்தும் ஆலை டெண்டர்கள் தொடர்பாக இந்தியப் போட்டி ஆணையம் 2018-இல் தீர்ப்புச் சொல்லி அபராதம் போட்டது. ஒருவருக்குக் கிடைப்பதற்காக மற்றவர்கள் டம்மியாக விலை போட்டார்கள் என்பதுதான் விஷயம். அது வெளியே வந்த விதம் சுவாரசியம். சம்பந்தப்பட்ட நிறுவனங்களே, அபராதச் சலுகை வேண்டி ஆணையத்திடம் போய் ஒப்புக்கொண்டன. போட்டிச் சட்டம் 2002-இன் 3-ஆம் பிரிவில் டெண்டர் கூட்டுச்சதி நேரடியாகவே தடை செய்யப்பட்டிருக்கிறது. முதலில் வந்து உண்மையைச் சொல்பவருக்கு அபராதத்தில் சலுகையும் இருக்கிறது. ஆறு லட்ச ரூபாய் விளக்குக்காக டெல்லிக்கு மனுப் போடுங்கள் என்று சொல்ல வரவில்லை. உங்கள் ஊர் சப்ளையர்களுக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பது தெரிந்தாலே கொஞ்சம் யோசிப்பார்கள்.

உங்கள் தம்பி விஷயம். வேண்டாம் அம்மா. விலை குறையும் என்பது உண்மையாகவே இருக்கலாம், உங்கள் மனசும் சுத்தமாகவே இருக்கலாம். ஆனால் அவர் உறை கொடுத்த அன்றோடு நீங்கள் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் "தம்பிக்கு ஆர்டர் கிடைக்கலைன்னு பேசறாங்க" என்ற ஒரே பதில்தான் வரும். உங்களுக்கே அந்தக் கடையில் பங்கு இருந்தால் நிலைமை இன்னும் மோசம். உள்ளாட்சி ஒப்பந்தத்தில் உறுப்பினருக்குப் பங்கு இருந்தால் பதவியே பறிபோகும். கோப்பில் பார்த்த விலைகளை வீட்டில் பேச்சுவாக்கில்கூடத் தம்பியிடம் சொல்லாதீர்கள். தம்பிக்குத் தொழில் பெருக வேண்டுமென்றால் பக்கத்துப் பேரூராட்சிகளின் டெண்டர்களில் தாராளமாகப் போட்டி போடட்டும். அதற்கு வேண்டிய டிஜிட்டல் கையொப்பம் வாங்கி, தமிழ்நாடு அரசின் டெண்டர் தளத்தில் பதிவு செய்துகொள்ளட்டும்.

சரி, கூட்டத்தில் என்ன செய்வது? கூட்டத்துக்கு முன்னாலேயே செயல் அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். மூன்று மன்றப் பொருளையும் சேர்த்து ஒரே டெண்டராக விடலாமே, பிரிப்பதற்குக் காரணம் என்ன, விலைப்புள்ளி கேட்டு யார் யாருக்கு எந்தத் தேதியில் கடிதம் போனது, விவரக்குறிப்பைத் தயாரித்தது யார். இந்த நாலு கேள்வி போதும். பட்டியலில் இருக்கும் 2 சதவீதம், 4 சதவீதத்தை ஒரு வரியில் குறிப்பிடுங்கள், விளக்கம் எழுதாதீர்கள். படிக்கிறவருக்குப் புரியும். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பொருள் வரும்போது உங்கள் ஆட்சேபனையைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் காற்றோடு போய்விடும், நாளைக்குத் தணிக்கையில் இழப்பு என்று கண்டு பணத்தை வசூலிக்கும் பேச்சு வரும்போது கைதூக்கியவர்கள் பட்டியலில் நீங்களும் இருப்பீர்கள்.

வார்டுக்கு வேலை வராது என்ற மிரட்டல் வெறும் பேச்சு என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். செய்வார்கள். அதனால் தனியாகப் போகாதீர்கள். இன்னும் இரண்டு மூன்று உறுப்பினர்களிடம் அந்தப் பட்டியலையும் கால்குலேட்டரையும் மட்டும் காட்டுங்கள், கட்சி பார்க்க வேண்டாம். இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடிதத்தைப் புறக்கணிப்பது கடினம். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போட்டு மூல விலைப்புள்ளிகளின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் தர வேண்டும். வணிக ரகசியம் என்பார்கள். ஆணை கொடுத்து முடித்த பிறகு அந்தச் சாக்கு பெரும்பாலும் நிற்காது. அதற்கு மேலும் போக வேண்டியிருந்தால் உள்ளாட்சிகள் மீதான புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி முறைமன்ற நடுவர் இருக்கிறார், ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் இருக்கிறது.

எங்கே போனாலும் சீக்கிரம் போங்கள். டெண்டரில் தோற்றவர் மேல்முறையீடு செய்ய வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு தரும் அவகாசமே ஆணை கிடைத்ததிலிருந்து 10 நாள்தான். பம்பாய் விமான நிலையத்தில் சிற்றுண்டிச் சாலை நடத்தும் டெண்டர் வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போய் 1979-இல் தீர்ப்பு வந்தது. அறிவிப்பில் போட்ட தகுதி நிபந்தனையை மீறி, அந்தத் தகுதி இல்லாதவருக்கு ஒப்பந்தம் தரக் கூடாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இன்றைக்கும் டெண்டர் வழக்குகளில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். ஆனால் வழக்குப் போட்டவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஐந்து மாதத்துக்கு மேல் தாமதமாக வந்தார், அதற்குள் ஒப்பந்தக்காரர் பணம் போட்டுச் சாமான் வாங்கிவிட்டார், வழக்குத் தொடுத்தவருக்கு அதில் நேரடி அக்கறையும் இல்லை என்று நிவாரணம் மறுத்துவிட்டார்கள்.

இந்த மூன்று மன்றப் பொருளும் ஒருவேளை எண்ணிக்கை பலத்தில் நிறைவேறிவிடலாம். அப்போதும் விட்டுவிட வேண்டாம். 120 விளக்கும் சரக்கிருப்புப் பதிவேட்டில் ஏறியதா, எந்தக் கம்பத்தில் எது மாட்டப்பட்டது, வாரண்டி அட்டை அலுவலகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மாலையில் கம்பங்களை எண்ணிவிடலாம்.

அடுத்த ஆண்டுக்கு ஒரு யோசனை. நல்ல கடைக்காரர்கள் ஏன் உங்கள் பேரூராட்சிக்கு விலைப்புள்ளியே கொடுப்பதில்லை என்று நாலு பேரிடம் விசாரியுங்கள். கமிஷன் என்று சொல்பவர்களைவிட, பில் பாஸாக ஆறு மாதம் அலைய வேண்டும் என்று சொல்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். ஆறு மாதம் கழித்து வரும் பணத்துக்கு வட்டியையும் சேர்த்துத்தான் விலை போடுவார்கள். போட்டி குறைவதற்கும் விலை ஏறுவதற்கும் இது பெரிய காரணம், யாரும் பேசுவதில்லை. சிறு, குறு உற்பத்தியாளர்களிடம் வாங்கினால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டமே சொல்கிறது. தவறினால் கூட்டு வட்டி, அதுவும் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு.

ஆகவே விளக்கு, ப்ளீச்சிங் பவுடர், மோட்டார் உதிரிபாகம் எல்லாவற்றுக்கும் ஆண்டுத் தேவையைக் கணக்கெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே டெண்டர் விட்டு, பில் வந்த 45 நாளில் பணம் தர வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். டெண்டருக்கான அவகாசம் 2 கோடி ரூபாய் வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள். விதியே தரும் இந்த அவகாசத்தைக் குறைப்பதென்றால் மேலதிகாரி காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். பட்ஜெட் கூட்டம் மார்ச்சில் என்றால் இந்தத் தீர்மானத்தை ஜனவரியிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மார்ச்சில் கொடுத்தால் "இப்ப நேரமில்லைங்க, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும்.